பெரியப்பாவின் சி டிரைவ்

"முக்கியமானதெல்லாம் டி டிரைவ்லதாங்க இருக்கு. சி போனா போகட்டும்!"

செங்கல்பட்டில் நான் டி.டி.பி. கடை நடத்தும் இந்த 18 வருஷத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. சிபியுவைப் பழைய துண்டில் சுற்றி, ஸ்கூட்டியின் முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு வருவார்கள். "ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுக் குடுத்துடுங்கக்கா, சாயந்திரம் வந்து வாங்கிக்கறேன்" என்பார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "டெஸ்க்டாப்ல என்ன வெச்சிருக்கீங்க?" முகம் மாறிவிடும். ஏனென்றால் நம்மில் பல பேருக்கு டெஸ்க்டாப்தான் பீரோ, பூஜை அறை, பரண் எல்லாமே. மகளின் ஜாதகம் முதல் பட்டா நகல் வரை அங்கேதான் கிடக்கும். அந்த டெஸ்க்டாப் சி டிரைவுக்குள் இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

சி டிரைவைத் திறந்தால் 'யூசர்ஸ்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் உங்கள் பெயரில் ஒன்று. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள்தான் குடியிருக்கின்றன. பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளும் அங்கேதான். டேலி பிரைம்கூட நாமாக இடம் மாற்றாவிட்டால், கடைக் கணக்கை சி டிரைவில் 'பப்ளிக்' என்ற ஃபோல்டருக்குள்தான் எழுதுகிறது. சி போனால் என்ன போகும் என்று இப்போது யோசித்துப் பாருங்கள்.

என்னைப் போல டி.டி.பி. தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. எழுத்துரு. நாங்கள் ஃபான்ட் என்போம். அது சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும். யூனிகோடு வருவதற்கு முன் அடித்த கல்யாணப் பத்திரிகை ஃபைல்களில் இருப்பது உண்மையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். பாமினி, வானவில் மாதிரி ஒரு ஃபான்ட் அதற்கு மேல் தமிழ் வேஷம் கட்டிவிடுகிறது. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று குறியீட்டுத் தரம் கொண்டுவந்தது. 2010-ல் யூனிகோடுக்கு மாறச் சொன்னது. ஆனால் அதற்குள் தமிழ்நாட்டு அச்சகங்கள் ஆளுக்கொரு ஃபான்டில் மலைமலையாக அடித்துக் குவித்துவிட்டன. ஃபைல் டி டிரைவில் பத்திரமாக இருக்கும். சி போய், ஃபான்டும் போனால், 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்க வேண்டிய இடத்தில் ஏதோ மந்திரம் மாதிரி குறிகள் நிற்கும்.

இதையெல்லாம் தொழிலாகத்தான் பார்த்து வந்தேன், மாமல்லபுரத்திலிருந்து அண்ணன் போன் செய்கிற வரைக்கும்.

பெரியப்பா சிற்பி. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் படித்து, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டவர். கருங்கல்லில் சாமி சிலைகள் செய்வார். வெளியூர்க் கோயில்களிலிருந்து ஆர்டர் வரும். அவருடைய உண்மையான சொத்து, கல் இல்லை. வரைபடங்கள். எந்தச் சிலையையும் கல்லில் தொடுவதற்கு முன் தாளில் அளவு போட்டு வரைந்துவிடுவார். பிள்ளையார் என்றால் பஞ்ச தாளம், பெருமாள் என்றால் உத்தம தச தாளம், 124 அங்குலக் கணக்கு. முகம் இத்தனை, கழுத்து இத்தனை, முழங்கால் இத்தனை என்று கோடு கோடாக இருக்கும். 40 வருஷத்து வரைபடங்கள். கடல் காற்றில் தாள் நமுத்து, ஓரம் உதிர ஆரம்பித்தபோது, ஒரு ஸ்கேனர் வாங்கி ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஸ்கேன் ஆன தாளை என்ன செய்தார் தெரியுமா? வந்து கேட்ட சீடர்களுக்கெல்லாம் தானமாகக் கொடுத்துவிட்டார். "எங்கிட்டதான் பொட்டியில இருக்கே" என்பாராம்.

மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது 2022-ல். அதே வருஷம் டிசம்பர் 9-ம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரை ஏறியது. அன்றைக்குப் பட்டறைக் கூரை போனாலும் பெட்டியை மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கட்டில் மேல் ஏற்றிக் காப்பாற்றினார் பெரியப்பா. அடுத்த ஐப்பசியில் அவரே போய்விட்டார். காரியம் எல்லாம் முடிந்து, பாதியில் நின்ற ஒரு முருகன் சிலையை முடித்துக் கொடுக்க அண்ணன் கம்ப்யூட்டரை ஆன் செய்தால், நீலத் திரை. மறுபடி ஆன் செய்தால் உள்ளே 'டிக், டிக்' என்று ஒரு சத்தம்.

"ஆஃப் பண்ணிடுங்கண்ணா. இனிமே ஆன் பண்ணவே பண்ணாதீங்க. நான் வர்றேன்" என்றேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு குட்டிக் கல் குவாரி. கருங்கல் தூசு ஃபேனில் பஞ்சு மாதிரி அடைந்திருந்தது. கடலோரத்து உப்புக் காற்று வேறு. செம்பு தெரிகிற இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. எங்கள் ஊரில் பத்து வருஷம் உழைக்கிற கம்ப்யூட்டர், கரையோரத்தில் அவ்வளவு தாங்குவதில்லை என்று சர்வீஸ் செய்கிறவர்கள் சொல்வது சும்மா இல்லை. ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குத் திரும்பினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாகக் கிடக்கும் டிஸ்கில் ஃபைலைத் தேடக் கூடாது. முதல் வேலை, டிஸ்கை அப்படியே முழுசாக நகல் எடுப்பது. ஃபைல் ஃபைலாக இல்லை. முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை, காலி இடம் உட்பட. இதை இமேஜ் என்பார்கள். டிடி ரெஸ்க்யூ என்று ஓர் இலவச புரோகிராம் இருக்கிறது. நல்லா இருக்கிற பகுதிகளை முதலில் வாரி எடுத்துக்கொள்ளும். பழுதான இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, கடைசியில் திரும்பி வந்து அந்த இடங்களோடு மல்லுக்கட்டும். விருந்தில் சாப்பிடத் தெரிந்தவன் கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கி வைக்கிற மாதிரி. பென் டிரைவிலிருந்து லினக்ஸ் போட்டு, அதை ஓட விட்டேன். ராத்திரி முழுக்க ஓடியது. நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. யூபிஎஸ் புண்ணியத்தில் பிழைத்தோம்.

காலையில் பார்த்தால் கொஞ்சம்தான் மிச்சம், மற்றதெல்லாம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த டிஸ்கை நான் தொடவே இல்லை. எல்லா வேலையும் நகலில்தான்.

நகலை விண்டோஸில் இணைத்து, 'யூசர்ஸ்' போய், பெரியப்பா பெயரில் இருந்த ஃபோல்டரைத் தட்டினேன். 'இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன், "அப்பா பாஸ்வேர்டு போட்டிருந்தாரே, அவ்ளோதானா?" என்று தலையில் கை வைத்துவிட்டார்.

அவ்வளவு இல்லை. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸில் இந்த 'அனுமதி இல்லை' என்பது பூட்டு இல்லை, வாட்ச்மேன். ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'இன்னார் உள்ளே வரலாம்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். விண்டோஸ் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு நம்மைத் தடுக்கிறது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் அட்மினிஸ்ட்ரேட்டர், சீட்டில் உரிமையாளர் பெயரை மாற்றலாம். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, மேலே 'ஓனர்' என்ற இடத்தில் 'சேஞ்ச்'. உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாற்றச் சொல்லி ஒரு டிக். பிறகு நம் பெயருக்கு முழு அனுமதி. முடிந்தது. லினக்ஸில் பார்த்தால் இதுகூட வேண்டாம். அது பொதுவாக அந்தச் சீட்டைக் கண்டுகொள்வதே இல்லை.

நகலில் செய்ததற்குக் காரணம் உண்டு. உரிமை மாற்றும்போது ஒவ்வொரு ஃபைலின் சீட்டையும் திருத்தி எழுதும். ஆயிரக்கணக்கான திருத்தம். சாகக் கிடக்கும் டிஸ்கில் அப்படி எழுதினால் அதுவே கடைசி மூச்சு. இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் விண்டோஸின் சொந்த ஃபோல்டர்களில் இந்த உரிமை மாற்றும் வேலையை விளையாட்டாகக்கூடச் செய்யாதீர்கள். அந்த வாட்ச்மேன் அங்கே நிற்பது நமக்காகத்தான். 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் மங்கலாகத் தெரியும், தொட்டால் 'அனுமதி இல்லை' என்னும். பயப்பட வேண்டாம். அது ஃபோல்டரே இல்லை. பழைய புரோகிராம்களுக்காக வைத்திருக்கும் வழிகாட்டிப் பலகை. சரக்கெல்லாம் 'யூசர்ஸ்' உள்ளேதான்.

திறக்க முடியும் என்றால் திறந்துவிடலாமா? கடைக்கு இப்படியும் வருவார்கள்: "இது என் வீட்டுக்காரி லேப்டாப். இந்த ஒரு ஃபோல்டரை மட்டும் ஓப்பன் பண்ணிக் குடுங்க." நான் சிரித்துக்கொண்டே, "அவங்களையே கூட்டிட்டு வாங்க சார்" என்பேன். இதுவரை யாரும் கூட்டிக்கொண்டு வந்ததில்லை.

இங்கே கூப்பிட பெரியப்பா இல்லை. அதனால் பெரியம்மாவை வரச் சொன்னேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "படம் எடுக்கறதுக்கு அம்மா எதுக்கு?" என்றார். "உங்க அப்பா பொட்டிண்ணா, படம் மட்டும்தான் இருக்கும்னு யாரு கண்டா?" என்றேன். மறுநாள் பெரியம்மா வந்து, என் கடை ஸ்டூலில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

வரைபடங்கள் வந்தன. 'முருகன் ஆறடி' என்று அவரே பெயர் வைத்திருந்த ஸ்கேனை முதலில் திறந்தேன். பென்சில் கோடுகூடத் தெளிவாக இருந்தது. வேல் பிடித்த கையின் மணிக்கட்டுப் பக்கத்தில் அளவை அடித்துத் திருத்தி எழுதியிருந்தார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் இந்த எடத்துலதான் நின்னுட்டிருந்தேன்" என்றார். அவருடைய போனில் இதே படத்தின் வாட்ஸ்அப் நகல் ஒன்று இருந்தது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தானே அனுப்பும்? அதில் அந்த இடம் வெறும் கறுப்புக் கறை.

அதற்குப் பக்கத்திலேயே 'கைமாத்து' என்று ஓர் எக்செல் ஃபைல். நான் கேட்பதற்குள் அண்ணன் மவுஸை வாங்கித் திறந்துவிட்டார். பட்டறையில் வேலை செய்த பையன்கள் பெயர், தேதி, தொகை. ஒருவனுக்கு அம்மா ஆஸ்பத்திரிச் செலவு, ஒருவனுக்குத் தங்கை கல்யாணம். திருப்பிக் கொடுத்த கட்டம் பெரும்பாலும் காலி. கூட்டினால் கணிசமான பணம். அண்ணனுக்கு அப்போது கஷ்ட ஜீவனம். அவர் கண் அந்தக் கூட்டுத்தொகையிலேயே நின்றது.

பெரியம்மாவுக்கு எக்செல் தெரியாது, தமிழ் தெரியுமே. நாலு பெயர் படித்தார். "மூடிடு பாப்பா" என்றார். "அதை மட்டும் காப்பி எடுக்காத."

எனக்குச் சங்கடமாகப் போயிற்று. "பெரியம்மா, முழு டிஸ்கையும் நேத்தே காப்பி எடுத்தாச்சு. அதுல இதுவும் இருக்கும். இத மட்டும் எடுக்காம விடற மாதிரி எடுக்க முடியாது" என்றேன். இமேஜுக்கு நல்லது கெட்டது தெரியாது. குப்பைத் தொட்டியில் போட்டதைக்கூட விடாமல் அள்ளிக்கொண்டு வந்துவிடும்.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருந்துட்டுப் போவட்டும். அவரு கேக்கல, நாம கேக்கறதில்ல" என்றார். அண்ணன் எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். அந்தப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

அந்த வாரமே நகல்களைப் பிரித்து வைத்தேன். ஒன்று மாமல்லபுரத்தில், ஒன்று செங்கல்பட்டில் என்னிடம், வரைபடங்கள் மட்டும் இணையச் சேமிப்பில். கூகுளில் இலவசமாக 15 ஜி.பி. கிடைக்கிறது. படங்களுக்கு அது போதுமாக இருந்தது. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது இந்தத் துறையில் பழைய கணக்கு. கரையோரத்துக் குடும்பங்களுக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2004-ல் ஒரே காலைப் பொழுதில் ரேஷன் கார்டு முதல் கல்யாண ஆல்பம் வரை கடலுக்குக் கொடுத்தவர்கள் அங்கே எத்தனையோ பேர்.

அந்தச் சுனாமிதான் சாளுவன்குப்பத்தில் மண்ணுக்குள் கிடந்த பழைய முருகன் கோயிலையும் காட்டிக் கொடுத்தது. அலை மணலை அரித்துப் போன இடத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு தெரிய, தொல்லியல் துறையினர் தோண்ட, அடியில் செங்கல் கோயில். பெரியப்பா எங்களை அங்கே கூட்டிப் போனபோது, பக்கத்திலேயே இருக்கிற அதிரணசண்ட மண்டபத்தையும் காட்டினார். பல்லவர் குடைவரை. அதன் இரண்டு பக்கச் சுவரிலும் வடமொழிக் கல்வெட்டு. இரண்டிலும் ஒரே பாடல்கள். ஆனால் ஒரு சுவரில் பல்லவ கிரந்த எழுத்து, எதிர்ச் சுவரில் நாகரி எழுத்து. எந்த ஊர்க்காரன் வந்தாலும் ஏதாவது ஒரு சுவரைப் படிப்பான் என்று நினைத்தானோ என்னவோ ராஜா. 1,300 வருஷமாக உப்புக் காற்றில் நிற்கிறது. எனக்கு என் ஃபான்ட் பிரச்னை ஞாபகம் வந்தது. இப்போதெல்லாம் பழைய பத்திரிகை ஃபைல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யூனிகோடில் ஒன்று, பி.டி.எஃப்.பில் ஒன்று என்று போட்டு வைக்கிறேன். ஒரு சுவர் மங்கினாலும் இன்னொரு சுவர் இருக்கட்டும்.

எங்கள் மாவட்டத்துக்கே இப்படி ஒரு நகல் உண்டு. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையின் சுமார் 2,000 ஊர்களின் கணக்கையும் கம்பெனி இன்ஜினீயர் தாமஸ் பர்னார்டு எடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் எழுதிய ஓலைகள் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில். ஆங்கிலச் சுருக்கம் சென்னையில் ஆவணக் காப்பகத்தில். இரண்டு மொழி, இரண்டு ஊர்.

நகல் இருந்தால் மட்டும் போதாது, திறந்து பார்க்க வேண்டும். குழந்தைகள் பார்க்கும் 'டாய் ஸ்டோரி 2' படத்துக்கு நேர்ந்தது இதுதான். 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ கொடுத்த ஒரு கட்டளை, படத்தின் பெரும்பகுதியை அழித்துவிட்டது. பேக்கப்பை எடுத்தால், அது சரியாகவே பதிவாகாமல் இருந்திருக்கிறது. படத்தைக் காப்பாற்றியது கேலின் சஸ்மன் என்ற பெண். கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு நகலை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தப் பெட்டியைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து ஆபீசுக்குக் கொண்டுபோனார்களாம். துண்டில் சுற்றிச் சிபியு கொண்டுவரும் நம்மூர்க்காரர்களை நான் இப்போதெல்லாம் கிண்டல் செய்வதில்லை.

உங்கள் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே இமேஜ் எடுத்துவிடலாம். கன்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)' என்று பழைய பெயரிலேயே இன்னும் இருக்கிறது. இடது பக்கம் 'கிரியேட் எ சிஸ்டம் இமேஜ்'. வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். வகையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சி டிரைவை அப்படியே காப்பி, பேஸ்ட் செய்து வைத்தால் அது விண்டோஸாகத் திரும்பி ஓடாது. ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல்கள் நகலாகாது, கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் மறைவான பகுதி அதில் வராது. கூடவே ஒரு பென் டிரைவில் ரெக்கவரி டிரைவ் செய்து வையுங்கள். இமேஜ் இருந்தும் அதை உள்ளே அனுப்ப வழியில்லாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முருகன் சிலை தை மாதம் லாரி ஏறிப் போனது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியதும், அண்ணன் புது லேப்டாப் வாங்கினார். விண்டோஸ் 11. இதில்தான் கதை மாறுகிறது. புது லேப்டாப்புகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்ததுமே டிஸ்க் முழுக்கத் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. இது வாட்ச்மேன் இல்லை, நிஜமான பூட்டு. டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டாலும், லினக்ஸில் போட்டாலும், ஓனர் பெயரை மாற்ற நினைத்தாலும் ஒன்றும் நடக்காது. திருடன் கையில் போனால் நமக்கு நிம்மதி. பெரியப்பாவுக்கு நடந்த மாதிரி நடந்தால், 48 இலக்கச் சாவி ஒன்று வேண்டும். அது அந்த அக்கவுன்ட்டில் இருக்கும். எந்த மெயில் ஐடி என்பது தெரிந்தால்தானே? கடையில் வாங்கும்போதே யாரோ ஒரு பையன் அவசரத்துக்கு ஒரு ஐடி போட்டுக் கொடுத்துவிடுகிறான்.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போய், அண்ணன் பெயரில் ஐடி சரி செய்து, சாவியை எடுத்தேன். ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கொத்து. பிரின்ட் எடுக்க வசதியில்லை. பெரியம்மா தன் கோல நோட்டை நீட்டினார். நான் படிக்கப் படிக்க, ஒரு வரிசைக்கு ஆறு என்று எட்டு வரிசை அவரே எழுதினார். முடித்துவிட்டு நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"ஆறு புள்ளி, எட்டு வரிசை" என்றார். "இது எந்தப் பொட்டிக்குன்னு மேல எழுதிக் குடு பாப்பா. நாளைக்கு வர்றவங்களுக்குத் தெரியணும்ல?"

எழுதிக் கொடுத்தேன்.